மோனிகா எந்த குரூப் எடுக்கப் போகிறாள்

கும்மிடிப்பூண்டி,
சனிக்கிழமை மதியம்.

என் செல்ல மகன் அன்புக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையில் நானும் நைனாவும் தங்கச்சியும் ஏதோ சுகமாக இருக்கிறோம். நீ அந்தப் புனேவில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று காலையில் முழங்கால் போட்டதும் உனக்காகத்தான் முதலில் ஜெபிக்கிறேன். நேற்றுதானே போனில் பேசினோம், இன்றைக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் கதை உனக்குத் தெரியாதா, நீ கூப்பிட்டதும் மோனிகா ஸ்பீக்கரில் போட்டு நடு வீட்டில் வைத்துவிடுகிறாள், நைனா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக் கங்கம்மா வாசலில் நின்றபடியே எப்ப வர்ற அன்பு என்று குரல் கொடுப்பாள். அந்தப் போனில் இதைப் பேச முடியாது. வாய்ஸ் மெசேஜ் போட எனக்குத் தெரியாது, மோனிகாவைத்தான் கேட்க வேண்டும், இதுவோ அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது. இன்றைக்கு எனக்கு வார லீவு, நைனா ட்யூட்டிக்குப் போய்விட்டார், அவளும் வீட்டில் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் விட்டுப் போயிற்று, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. ரூமில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

இங்கே எல்லாம் பழைய மாதிரிதான், மாறினதெல்லாம் நல்லபடியாக மாறவில்லை. நைனாவுக்கு இருமல் நிற்கவில்லை. இரும்பு மில்லில் இனிமேல் உலை பக்கத்தில் நிற்க முடியாது என்று அவர் சொன்னதும் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். போற லாரி வர்ற லாரிய வேடிக்கை பாத்துக்கினு கீறேன் என்று சொல்லிச் சிரிக்கிறார், சிரிப்பு முகத்தோடு நின்றுவிடுகிறது. வெயில் இந்த வருஷம் ஆளைக் கொல்லுகிறது. துவைத்துப் போட்ட துணியில் மில் கரி வந்து படிகிறது, மறுபடியும் துவைக்கலாம் என்றால் குழாயில் தண்ணீர் இல்லை. நான் அதே கம்பெனிதான், அதே தரை துடைக்கிற வேலைதான், என்னோடு துடைக்கிற சுமலதாவும் கூடவே வருகிறாள், அவள் வாய் இருப்பதால் பஸ்ஸில் போகிற நேரம் தெரியவில்லை.

மோனிகா பத்தாவது பாஸ் ஆனதும் மார்க்கையெல்லாம் உனக்கு வாசித்துக் காட்டினாள். தமிழும் சமூக அறிவியலும் நல்ல மார்க், கணக்கில் மட்டும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று பாஸ். அவளுக்கும் கணக்குக்கும் என்றைக்கு ஆகியிருக்கிறது, மாமியாரும் மருமகளும் மாதிரி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கே காமர்ஸ் குரூப் எடுக்கிறேன், பொன்னேரி காலேஜில் பி.காம். சேர்கிறேன், பேங்க் பரீட்சை எழுதுகிறேன் என்று வரிசையாகச் சொன்னாள். அதில் வருகிற கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு என்று எனக்கு விளக்கமும் சொன்னாள். லீவில் இ-சேவை மையத்து அக்காவுக்கு ஒத்தாசையாகப் போகிறாள் அல்லவா, நின்றுபோயிருந்த கங்கம்மாவின் முதியோர் பென்ஷனை இவள்தான் விடாமல் எழுதிப் போட்டுத் திரும்ப வரவைத்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து எந்த குரூப் என்று முடிவாகச் சொல்லிவிடு, அப்புறம் மாற்றித் தர முடியாது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகுதான் நைனா உனக்குப் போன் போட வைத்தார். உன் தங்கச்சி காமர்ஸ் எடுக்கப் போவுதாம்டா, கடையில குந்திக்கினு கணக்கு எய்தவா நானு நெருப்புல வெந்தேன், நீயே சொல்லு என்று உன்னைக் கேட்டார். நீயும், கம்ப்யூட்டர் குரூப் எடு மோனி, எஞ்சினியரிங் முடிச்சா என்னை மாதிரி செட்டில் ஆயிடலாம் என்றாய். அவ்வளவுதான், அவள் மாறிவிட்டாள். அண்ணன் சொன்னா கரெக்டாத்தான்மா இருக்கும் என்கிறாள். யாரிடமோ பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாங்கி வந்து விரித்து வைத்திருக்கிறாள், பக்கம் திரும்பின பாடில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல யார் வருகிறீர்கள் என்று பாஸ்டர் கேட்டதும் நைனா எழுந்து நின்றார். உனக்கே தெரியும், அவர் என்றைக்கும் எழுந்திருக்கிற ஆள் இல்லை. ஊரான் கழனில நாத்து நட்ட கூட்டம் நாங்க, இன்னிக்கி எம் புள்ள புனாவுல பெரிய கம்பெனில எஞ்சினியரா கீறான், எம் பொண்ணும் அதே வழில போவுது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று இருமிக்கொண்டே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். மோனிகா வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும், இன்னாமே நீ, பெத்த புள்ளைங்க நல்லா கீதுன்னு சொன்னா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு வர்ற என்று கேட்டார். தலைவலி என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது எழுதுகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள். கிறிஸ்துமஸுக்கு வர முடியாமல் ஒரு போட்டோ அனுப்பினாயே, நைனா அதைப் பெரிதாகப் போட்டு பிரேம் பண்ணி மாட்டியிருக்கிறார். கம்பெனி கேட் முன்னால் நீயும் இரண்டு சிநேகிதர்களும். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு, சட்டைப் பைக்கு மேலே உள்ளங்கையைப் பதித்து நிற்கிறீர்கள். பார்க்கிறவர்களுக்கு அது ஸ்டைல். நான் அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் பஸ்ஸில் சுமலதா செல்ஃபி எடுக்கக் கையைத் தூக்கினால், சிரிப்பதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஒருத்தி துப்பட்டாவை இழுத்துவிடுவாள், ஒருத்தி சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொள்வாள். யூனிஃபார்ம் சட்டைப் பையில் கம்பெனி பேர் இருக்காது, காண்ட்ராக்டர் பேர்தானே இருக்கும், அது போட்டோவில் விழக் கூடாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கை தானாகப் போகும். அந்தக் கையை எனக்குத் தெரியாதா கண்ணு. அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தால் எல்லாம் அதிலேயே வந்து சேருகிறது. கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை, சித்தி பெண் கல்யாணத்துக்கு லீவு இல்லை, நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் லீவு இல்லை. லீவு போட்டால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வது எங்களை மாதிரி காண்ட்ராக்ட் ஆட்களிடம்தான், எஞ்சினியரிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் நினைப்பது தப்பாக இருந்தால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரி, நானும் சந்தோஷமாகச் சிரிப்பேன். தப்பாக இருக்காது என்றுதான் பயமாக இருக்கிறது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. படிக்க வைத்துவிட்டு அந்தப் படிப்புக்கு வேலை தராதவர்கள் வெட்கப்படட்டும், நீ ஏன் வெட்கப்பட வேண்டும். எங்கள் கம்பெனியில் அட்டைப் பெட்டி மடிக்கிற லைனில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் எஞ்சினியரிங் முடித்தவர்கள். தம்பி கொஞ்சம் காலைத் தூக்குப்பா என்று அவர்கள் காலடியில் துடைக்கும்போதெல்லாம் உன் நினைப்புதான், அங்கே யார் உன்னைக் காலைத் தூக்கச் சொல்கிறார்களோ என்று. அன்றைக்குப் போனில் நீ அப்படிச் சொன்னதற்கும் உன்னைக் குற்றம் சொல்லமாட்டேன். நைனா பக்கத்தில் இருந்து கேட்கும்போது வேறு என்ன சொல்லுவாய்.

ஆனால் அன்பு, உன் தங்கச்சி மார்க்கைப் பார்த்தோ டீச்சர் சொன்னதைக் கேட்டோ குரூப் எடுக்கவில்லை. உன்னைப் பார்த்து எடுக்கிறாள். அப்படியென்றால் நீ உண்மையில் எப்படி இருக்கிறாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள், மதிய நேரத்தில் இ-சேவை மையத்து அக்கா நம்பருக்குக் கூப்பிட்டு மோனிகாவிடம் தனியாகப் பேசு. நம்பரை உறையின் உட்பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த குரூப் எடு, அந்த குரூப் எடு என்று நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், காமர்ஸ் படித்தவர்களுக்கு மட்டும் யாரும் வேலையைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். நீ என்ன வேலை செய்கிறாய், எவ்வளவு நேரம் நிற்கிறாய், எப்படிப்பட்ட ரூமில் படுக்கிறாய் என்பதை மட்டும் சொல். அதைக் கேட்ட பிறகும் அவள் கம்ப்யூட்டர் குரூப்தான் வேண்டும் என்றால் எடுக்கட்டும், கண்ணைத் திறந்துகொண்டு எடுத்ததாக இருக்கும். நானே அவளிடம் சொல்லலாம்தான். என் வாயால் வந்தால் அவள் மனதில் நீ பொய் சொன்ன அண்ணன் ஆகிவிடுவாய். நீயே சொன்னால் அண்ணனாகவே இருப்பாய். நைனாவிடம் இப்போதைக்கு வேண்டாம், அந்த நாற்காலியில் உட்காருவதற்கு அவருக்கு உன் பேர்தான் பலம், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். மோனிகா கோபப்படலாம், அழலாம், கொஞ்ச நாள் உன்னோடு பேசாமலும் இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும். இன்னொரு பிள்ளையும் எங்கேயோ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நல்லா கீறேம்மா என்று என்னிடம் சொல்லுவதையும், அதை நான் நம்பின மாதிரி பேசுவதையும் என்னால் தாங்க முடியாது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். மழை தொடங்கினால் நனைந்த தலையோடு படுக்காதே. ஒன்றை மட்டும் மறக்காதே, இனி போனில் சாப்பிட்டாயா என்று நான் கேட்டால், சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்றே சொல்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
சாராள்.