தெருவின் வாயாக நின்றவளுக்கு

போன வாரம் முழுக்க உன் குரல் நம் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. நமது பகுதியின் மேம்பாட்டுப் பணிகள் குறித்த கருத்துக் கேட்புக் கூட்டம்..." இது வரைக்கும் நீ. தேதியும் இடமும் ஏதோ ஓர் ஆண்குரல், நடுவில் ஒட்டுப் போட்டது. பிறகு மறுபடியும் நீ: "தவறாமல் வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். இது உங்கள் உரிமை."

ஆட்டோக்காரனை நிறுத்திக் கேட்டேன். "இந்த ரெக்கார்டிங்க மாத்தக் கூடாதாப்பா?"

"வேற ஆளப் பேச வெச்சா காசு கேக்குறாங்கக்கா. இது நல்லா கிளியரா இருக்குது. ஏன், உனுக்குத் தெரிஞ்சவங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டு வாசலில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் நூலுக்குத் தடவும் கஞ்சி காய்ந்திருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆட்டோ முனை திரும்பும் வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

போனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்கிறாள் என் அம்மா. நான் உன்னைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. உன்னிடமே பேசுகிறேன்.

ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் நாம் போட்ட மேசை நினைவிருக்கிறதா? ஒரு பிளாஸ்டிக் மேசை, இரண்டு ஸ்டூல். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரை எழ முடியாது. ஓய்வூதியம் நின்றுபோனவர்கள், நலவாரிய அட்டையைப் புதுப்பிக்கத் தெரியாதவர்கள், காப்பீட்டு அட்டையில் பெயர் தப்பாக விழுந்து ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். நான் பட்டுக்கடையில் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் புடவைப் படம் அனுப்பும் வேலையில் இருந்தேன், இன்னும் அதில்தான் இருக்கிறேன். எனக்குத் தட்டச்சு வரும். உனக்கு வாய் வரும். அதுதான் நம் கூட்டு.

ஒரு தடவை சரோஜா அத்தையைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். வாழ்நாளெல்லாம் நூல் உரசி அவர் விரல் நுனியில் ரேகையே இல்லை. இயந்திரத்தில் விரலை வைத்தால் ஒன்றும் விழவில்லை. அதனால் பென்ஷன் கிடையாது என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

நீ குரலை உயர்த்தவே இல்லை. "சரி சார். ரேகை விழல, அதனால குடுக்க முடியாதுன்னு எழுத்துல குடுங்க சார்."

"நீ யாரும்மா, வக்கீலா?"

"இல்ல சார். பக்கத்து வீடு."

கண் ரேகை வைத்துப் பதிவு செய்ய வழி இருப்பது அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. வெளியே வந்ததும் சரோஜா அத்தை உன் கன்னத்தைக் கிள்ளி, "உன்ன யாருடி கட்டிக்கினு அவஸ்தைப்படப் போறான்" என்றார். பஸ் ஸ்டாண்ட் வரை நாம் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

உன்னைத்தான் தெரு நம்பியது. அதை மறந்துவிட்டு எதையும் பேச முடியாது.

அப்புறம் மைதானம் வந்தது. தெருக்கோடியில் இருக்கும் அந்த வெற்றிடத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சும்மா கிடக்கும் மண். பொழுது விடியும்போது வந்து பார்த்தால்தான் தெரியும். கல்தூண்களுக்கு நடுவே பட்டுப் பாவை, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகளை, முழு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையைச் சேர்த்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு போக வேண்டும். அது முடிந்தால்தான் தறியில் வேலை. அந்த வேலையைக் கூலிக்குச் செய்பவர்களில் உன் அம்மாவும் ஒருவர். உன்னைப் படிக்க வைத்த கூலி அது.

அரசு பாதி, மக்கள் பங்களிப்பு பாதி என்று ஒரு நிதி வருகிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று முதலில் கண்டுபிடித்ததே நீதான். மைதானத்தைச் சமன் செய்து, ஓரத்தில் மரம் வைத்து, ஒரு தண்ணீர்க் குழாயும் போட்டுக்கொள்ளலாம் என்றாய். தெருவில் உண்டியல் சுற்றியது. தகவல் மேலே போனது. மேலிருந்து வேறு திட்டமாகத் திரும்பி வந்தது. புடவை எடுக்க வரும் கார்களுக்கு அந்த இடத்தில் வாகன நிறுத்தம். கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவோம், மக்கள் சொன்னால் மாற்றிக்கொள்வோம் என்றார்கள்.

நம் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் முன்னால் ஒருவர்தான் பேசுவார். கூலி உயர்வு கேட்டுப் போனாலும் சரி, சாமி எந்த வழியாக வரும் என்று கோயிலில் பேசினாலும் சரி, உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். வெளியே போனால் ஒரு வாய். இரண்டு பேர் பேசினால் அந்த இரண்டு பேருக்கும் நடுவே முதலாளி புகுந்துவிடுவான் என்ற பயத்தில் பிறந்த வழக்கம். அதுவரை எப்போதும் ஓர் ஆண்தான் அந்த வாய். முதல் தடவையாக ஒரு பெண்ணை, அதுவும் கல்யாணம் ஆகாத ஒருத்தியை நிறுத்தினார்கள். உன்னை.

கூட்டத்துக்கு முந்தின நாள் என் ஸ்கூட்டியில் தாமல் ஏரிக்கரைக்குப் போனோம். யாரும் இல்லாத இடத்தில் பேசிப் பார்க்க வேண்டும் என்றாய். தண்ணீரைப் பார்த்து நின்று, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயா, நாங்க கார் வேணாம்னு சொல்லல. எங்க சோத்து மேல கார நிறுத்தாதீங்கன்னு சொல்றோம்" என்று ஆரம்பித்தாய். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் நின்று கேட்டுவிட்டு, "இன்னாமா, எலெக்‌ஷன்ல நிக்கிறியா?" என்றார்.

"நின்னா ஓட்டுப் போடுவியாண்ணா?"

"ஆட்டுக்குப் புல்லு குடுக்கிறேன்னு சொல்லு, போடறேன்."

அந்தப் பேச்சு முழுதும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அதைக் கேட்டவர்கள் நானும் அவரும் ஆடுகளும்தான்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் தெருவே கூடியிருந்தது. பெண்கள் வேலை விட்டு வந்து, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நீ எழுந்தாய். மைக்கை வாங்கினாய். என் பக்கம் திரும்பவில்லை.

"வளர்ச்சிப் பணிக்கு எங்க தெரு சார்பா ஆட்சேபணை இல்ல சார். மைதானத்துல ஒரு பகுதிய எடுத்துக்கிட்டு மீதிய எங்களுக்கு விடணும்னு கேட்டுக்கிறோம்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாய்.

நான் எழுந்தேன். என் அம்மா முந்தானையோடு சேர்த்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு. நம்ம தெரு பேசியாச்சு." கடவுள் வாக்குச் சொன்னதுபோல அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். தங்கள் சோறு போகிறது என்று தெரிந்தும் மூடிக்கொண்டார்கள். ஒருவரையும் உடைக்க முடியாதபடி இருக்கத்தான் அந்த வழக்கம். ஒருத்தியை உடைத்தால் போதும் என்று யாரோ அதைத் தெளிவாகப் படித்து வைத்திருந்தார்கள்.

கொஞ்ச நாளில் உன் கழுத்தில் ஒரு நீலப் பட்டையும் அடையாள அட்டையும் தொங்கின. திட்டத்துக்குச் சமூக ஒருங்கிணைப்பாளர். கூட்ட அறிவிப்பையும் உன் குரலிலேயே பதிவு செய்து வைத்தார்கள். நான் உன் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

"எவ்ளோடி சம்பளம்?"

"அதுக்காகன்னு நெனைக்கிறியா?"

"வேற எதுக்கு?"

"நாம கத்தியிருந்தாலும் எடுத்துப்பாங்கப்பா. உனுக்கே தெரியும். நான் உள்ள இருந்தா மீதி எடமாவது நிக்கும்."

"அத அன்னிக்கே தெருவுல சொல்லியிருக்கலாம் இல்ல? ஏரிக்கரையில எதுக்கு என்ன நிக்க வெச்சுப் பேசிக் காட்டின?"

நீ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நம் மேசையில் நான் தனியாக உட்கார்ந்தேன். நீ அந்தப் பக்கம் போகும்போது கைப்பேசியில் பேசுவதுபோல நடிப்பாய். ஒருநாள் உன் கைப்பேசித் திரை இருட்டாக இருந்ததைப் பார்த்தேன்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது உனக்கு. ஆஸ்பத்திரிக்கு நான் வரவில்லை. சரியாகி வருவாய், அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீ வரவில்லை. தெரு உன்னை நல்லபடியாக அனுப்பி வைத்தது. அழுதது. ஒருவர்கூட மைதானத்தைப் பற்றிப் பேசவில்லை. கோபப்படுவதற்குக்கூட ஆள் இல்லாமல் செய்துவிட்டாய். இது இரண்டாவது துரோகம். இதில் உன் தப்பு இல்லை என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

இப்போது மீதி இடம். நீ உள்ளே இருந்து காப்பாற்றப் போவதாகச் சொன்ன மீதி. கார்கள் நிறைய வருகின்றனவாம், வாகன நிறுத்தத்தை விரிவாக்க வேண்டுமாம். அதற்குத்தான் போன வாரம் உன் குரல் அழைத்தது.

தெருப் பெரியவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். "இந்தத் தபா நீ பேசுமா" என்றார்கள். அன்று மாலையே திட்டத்தின் ஆள் ஒருவன் கடைக்கு வந்து, ஒரு புடவையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உங்கள மாதிரி விவரம் தெரிஞ்சவங்க உள்ள இருக்கணும் மேடம்." பணம் என்று சொல்லவில்லை. வேலை என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே என்றான். உன்னிடம் என்ன சொல்லியிருப்பான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எவ்வளவு மரியாதையாக அதைக் கேட்கிறார்கள் என்பதும் தெரிந்தது. தெரிந்ததால் உன் மேல் இருந்த கோபம் குறையவில்லை. எனக்கும் அதே நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டார்கள்.

நேற்று அதே மண்டபம். மைக்கைக் கொடுத்தார்கள். ஏரிக்கரையில் நீ பேசிய பேச்சு அப்படியே நாக்கில் வந்து நின்றது. நான் அதைப் பேசவில்லை.

"எங்க தெருவுக்கு ஒரு வாய்னு யாரும் இல்ல சார். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு, மைக்கை முன்வரிசைப் பெண்களுக்கு நடுவே தரையில் வைத்தேன்.

யாரும் எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "இது இன்னா பழக்கம்?" என்றார். மேடையில் இருந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கருத்து ஒன்றும் இல்லை என்றால்..." என்று ஆரம்பித்தார். தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது மைக்கை எடுத்தது உன் அம்மா.

அதை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பாவைச் சுருட்டும் கோலைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சார், போன தபா இங்க நின்னு பேசினது என் பொண்ணு. ஆட்சேபணை இல்லன்னு சொல்லிட்டுது. என்ன ஒரு வார்த்த அது கேக்கல. எனக்கு ஆட்சேபணை இருக்குது சார். அன்னிக்கும் இருந்துது. எங்க பொண்ணு சொல்லிட்டாளேன்னு வாய மூடிக்கினு இருந்தேன். அந்த எடத்துல காலையில நான் நிக்கணும் சார். நின்னாத்தான் சோறு."

பிறகு சரோஜா அத்தை எழுந்தார். பிறகு இன்னொருவர். பிறகு என் அம்மா, மைக் இல்லாமலே.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "பரிசீலிக்கிறோம். இப்போதைக்கு வேலை ஆரம்பிக்க மாட்டோம்" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. என் வாயிலிருந்து அது தானாக வந்தது, உன் இழுப்போடு, உன் அடங்கிய குரலில்: "எழுத்துல குடுங்க சார்."

உன் அம்மா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். ஆட்டோ வரும்போது வாசலில் நின்று பார்ப்பாரே, அதே பார்வை.

அதிகாரி எழுதிக் கொடுக்கும் வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு தாள். நாளைக்கே மாற்றிவிடலாம், எனக்குத் தெரியும். அதற்கும் கூட்டம் போடுவார்கள், அதற்கும் உன் குரலே அழைக்கும். அந்தப் பதிவை மாற்றச் சொல்லி அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்கப் போவதில்லை. உன் அம்மாவுக்கு அது வேண்டியிருக்கிறது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் உன் வாயிலிருந்து வந்ததிலேயே நல்ல வார்த்தை என்னிடம் இருக்கிறது. நீ அதை விட்டுவிட்டுப் போன இடத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மேசை போடுகிறேன். இரண்டாவது ஸ்டூலில் இந்த வாரம் உன் அம்மா உட்காருகிறேன் என்றிருக்கிறார்.