அறிவிப்பில் இல்லாத ஐந்தாம் எண்

இன்று காலை சளிக்கு ஆவி பிடிக்க நீலகிரித் தைலப் புட்டியைத் திறந்தேன். உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது, அக்கா. தினமும் பஞ்சில் இதைத் தொட்டுத்தானே போன் ரிசீவரைத் துடைப்பீர்கள்? பம்ப்செட் கம்பெனி வாசலிலேயே உங்கள் தைலமும் என் ஊதுபத்தியும் சேர்ந்து மணக்கும். என் தம்பி முதலாளி, நீங்கள் ஆபரேட்டர். நான் சாமி படத்துக்குப் பூப் போட வந்து, அப்படியே எல்லாரையும் கண்காணிக்க உட்கார்ந்துவிட்டவள்.

வாய்ஸ் மெயில் பெட்டி வந்த அன்று நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்தேனே தவிர, எனக்கு அதன்மேல் நம்பிக்கையே இல்லை. ஆளில்லாமல் பேச்சை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளை எப்படி நம்புவது? பெட்டியை மாட்டிய எஞ்சினியர் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் வைத்தார். புது மோட்டாருக்கு ஒன்று, ரிப்பேருக்கு இரண்டு, உதிரி பாகத்துக்கு மூன்று, பில்லுக்கு நான்கு. ஆளுக்கு முப்பது வினாடி போதும் என்றான் தம்பி. அதற்குமேல் விட்டால் பெட்டி நிறைந்துவிடுமாம். அறிவிப்பை உங்கள் குரலில்தான் பதிந்தார்கள்.

பத்து நாள் கழித்து, போனில் நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னது என் காதில் விழுந்தது.

"இனிமேல் அஞ்சை அமுக்குங்க. வெளிய சொல்லிப்போடாதீங்க."

அறிவிப்பில் அஞ்சே கிடையாதே! மனது அரிக்கத் தொடங்கியது. சாப்பாட்டு நேரத்தில் நீங்களும் எஞ்சினியரும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. உங்கள் தங்கை மகன் கோபி டவுனில் மோட்டார் ரிப்பேர் கடை போட்டதும் ஞாபகம் வந்தது. முருகா, நம் வாடிக்கைக்காரர்களை அங்கே திருப்பிவிடுகிறீர்கள் என்று முடிவே கட்டித் தம்பியிடம் சொன்னேன்.

"ரிப்பேர் வேலை கொறஞ்சதுக்கு இதுதானா? நெசமா இருந்தா அந்தம்மாவ நாளைக்கே நிறுத்திப்போடறேன்" என்றான்.

நீங்கள் சாப்பிடப் போனதும் ஐந்தாம் பெட்டியை ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏனுங்க ஆபரேட்டரம்மா, அந்தியூருப் பக்கமிருந்து பேசறனுங்க. சௌக்கியமுங்களா? ஊட்ல எல்லாரும் சொகமுங்களா? அங்க மழைங்களா? இங்க ஒரு தூத்தலுகூட இல்லீங்க. பேத்திக்குக் காது குத்தறமுங்க, அவசியம் வந்துபோட்டுப் போகோணும்..."

ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடிய பிறகுதான், "மோட்டாரு தண்ணி இழுக்க மாட்டேங்குதுங்க, வாழையெல்லாம் வாடுதுங்க" என்று வந்தது.

தம்பி இரண்டாம் பெட்டியைப் போட்டான். அதிலும் சௌக்கியமுங்களாதான். ஆனால் முப்பது வினாடியும் அதிலேயே தீர்ந்து, ஊரோ கோளாறோ சொல்லுமுன் 'பீப்' என்று வெட்டியிருந்தது. ஒன்றல்ல, அத்தனையும். நலம் கேட்காமல் வேலையைச் சொல்ல நம் சனத்துக்கு வாய் வருமா? அவர்களுக்காகத்தான் எஞ்சினியரிடம் கேட்டு மூன்று நிமிடப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறீர்கள். எல்லாருக்கும் தெரிந்தால் நிறைந்துவிடும் என்றுதான் ரகசியம்.

திரும்பினால், டிபன் டப்பாவோடு நீங்கள் நிற்கிறீர்கள்.

"கேட்டிருந்தா நானே போட்டுக் காட்டியிருப்பனே, அம்மணி."

தம்பி தலைகுனிந்தான். நான் சாமி படத்துப் பூவைச் சரிசெய்யப் போய்விட்டேன். மறுநாளிலிருந்து உங்களுக்கு நான் 'அம்மணி' இல்லை, 'மேடம்' ஆகிவிட்டேன். அதற்கப்புறமும் என் புத்தி விடவில்லை. நீங்கள் சிரித்தால் குத்திக் காட்டுகிறீர்களோ என்பேன், சிரிக்காவிட்டால் இன்னும் மறக்கவில்லையோ என்பேன். மன்னிப்புக் கேட்க நல்ல நேரம் பார்த்துப் பார்த்தே நாள் போனது. போன மாதம் உங்களை மாதா கோயில் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம்.

இப்போது மத்தியானத்தில் ஐந்தாம் பெட்டியைக் கேட்டு ரிப்பேர் நோட்டில் எழுதுவது நான்தான். இன்று ஆவி பிடித்து முடித்ததும் வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டேன். உங்கள் குரல்தான் எடுத்தது. அஞ்சை அமுக்கினேன்.

"அக்கா, சௌக்கியமுங்களா? எனக்குச் சளி புடிச்சுப்போச்சுங்க. தைலத்தைத் தொறந்தா உங்க நெனப்புதானுங்க..."

பேசிக்கொண்டே இருந்தேன். சொல்ல வந்ததை எடுக்கிறேன், 'பீப்' என்று வெட்டிவிட்டது.

மத்தியானம் போய் அதையும் நான்தான் கேட்க வேண்டும். நோட்டில் என்னவென்று எழுதுவேன், அக்கா?