தலையில் தயிர், குழாயில் காற்று

ஜூலை 1, செவ்வாய்

காலையிலிருந்தே வெயில். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். மாதா கோயிலில் மகளின் கல்யாண அறிவிப்பு, கடைசி ஓலை, இந்த ஞாயிறு வாசிப்பார்கள். ஃபாதரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

மத்தியானம் ஜெனி கோலாலம்பூரிலிருந்து வந்துவிட்டாள். அடுத்த வாரக் கடைசியில் கல்யாணம். மகளின் முடியைப் பார்த்துத் திக்கென்றது. வெளுத்து, சூடு வைத்து நிமிர்த்தி, தேங்காய் நாராக்கி வைத்திருக்கிறார்கள்.

"சலூன்ல வெட்டிடச் சொல்றாங்கப்பா."

"ம்."

"சாப்டீங்களா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. மரியா இருந்தவரை எங்கள் இருவருக்கும் நடுவில் அவள்தான் தபால்காரி. மகளுக்குக் காய்ச்சல், மகளுக்கு வேலை, மகளுக்கு மாப்பிள்ளை, எல்லாம் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் இறந்து இரண்டு வருடம். கல்யாணம் முடிந்ததும் ஜெனி மாப்பிள்ளையோடு மீரிக்குப் போய்விடுவாள். கடல் தாண்டி. அதற்குள் இவளிடம் பேசப் பழகாவிட்டால் பிறகு எப்போது?

ஜூலை 2, புதன்

புழுக்கம். ஐஸ்பெட்டியில் ஸ்ட்ராபெரி தயிர். ஜெனி வாங்கியது. காய்ந்த முடிக்குத் தயிர் நல்லது என்று போனில் பார்த்தாளாம்.

"இது தலைக்கா, எறும்புக்கா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். எனக்கே ஆச்சரியம். மரியா கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"அம்மா தயிருல என்னா கலப்பாங்க?"

தெரியாது. வாங்கி வருவதோடு என் வேலை முடிந்தது.

முன்பு நாங்கள் இருந்த செம்பனைத் தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் சாயங்காலம்தான் வரும். சனிக்கிழமைகளில் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லோரும் தலையில் தயிரைப் பூசி, பழைய கைலியைச் சுற்றிக்கொண்டு குழாயடியில் காத்திருப்பார்கள். ஜெனி, சின்னப் பிள்ளை, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து நெளிவாள். நான் மில்லில் காய் இறக்கிவிட்டு லோரியில் திரும்புவேன். ஹார்ன் அடித்தால், "அந்தச் சொட்டைத் தலைக்கும் கொஞ்சம் பூசட்டா?" என்று மரியா கத்துவாள். ஒரே சிரிப்பு. நான் இறங்கமாட்டேன். ஆம்பிளை போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன். அது போல ஒரு சுகம் பிறகு கிடைக்கவில்லை.

படுக்கும்போது ஞாபகம் வந்தது. சனிக்கிழமை காலையில் அம்மி ஓடும். வெந்தயம்!

ஜூலை 4, வெள்ளி

வாங்க:
வெந்தயம்
தயிர் (இனிப்பு இல்லாதது)
கோழித் தீவனம்
பல்பு

அசாம் ஜாவா ஊரில் மாடு வைத்திருக்கும் முனியாண்டியிடம் போனேன். பிளாஸ்டிக் பையில் கட்டிய தயிர்.

"கல்யாணச் சாப்பாட்டுக்கா?"

"மகளுக்கு. தலைக்கு."

"அப்ப புளிச்சத எடுத்துக்க லா. அதான் முடிக்குச் சரி."

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து கழுவினேன். இடுப்பு வலி.

ஜூலை 5, சனி

வெயில். ராத்திரி ஊறவைத்த வெந்தயத்தை மத்தியானம் அரைத்து, தயிர், ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்துக் கலந்தேன். வீட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு ஜெனி உட்கார்ந்தாள்.

"நீங்களே பூசுங்கப்பா. பின்பக்கம் எனக்கு எட்டாது."

முப்பது வருடம் லோரி ஓட்டிய கை. பிய்த்துவிடுமோ என்று பயம். வேரிலிருந்து நுனிவரை மெல்லப் பூசினேன். நுனிதான் மோசம். அரைமணி ஊறினால் போதுமாம்.

அலசப் போனால் குழாயில் புஸ்ஸென்று காற்று. எங்கோ பைப் உடைந்துவிட்டது, எப்போது வருமோ தெரியாது என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மக்சிக், வேலிக்கு மேலே எட்டிச் சொன்னார். தொட்டியைத் திறந்தால் அடியில் ஒரு சொட்டு இல்லை. நேற்று கழுவிய மகராசன் திரும்ப நிரப்பவில்லை.

"இப்ப என்னாப்பா பண்றது?"

"உக்காரு. லயத்துலயும் இப்படித்தான். தண்ணி வர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருப்பாங்க."

"என்னா பேசுவாங்க?"

"எனக்கு எங்க தெரியும்? நான் லோரியில இருந்தேன்."

மிச்சத் தயிரை வழித்து என் தலையில் பூசினாள். "இப்ப எறங்கி வந்துட்டீங்கல்ல. பேசுங்க."

பேசினோம். போனிலேயே தூங்கிவிடும் மாப்பிள்ளையின் குறட்டை, மரியாவின் கோபம், நான் ஒருமுறை லோரியைத் தண்டவாளத்தில் நிறுத்திய கதை. அவளுக்குத் தெரியாதாம் அது! நடுவில் திடீரென்று சொன்னாள்: "மீரியில எனக்கு யாரையும் தெரியாதுப்பா. பயமா இருக்கு."

"நீ போயிட்டா எனக்கும் இங்க பேச ஆளில்ல ஜெனி."

சொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். வந்துவிட்டது. இரண்டு பேரும் அழுதோம், தலையில் தயிரோடு. மக்சிக் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

மசூதியில் அந்திப் பாங்கு சொல்லும் நேரம் தண்ணீர் வந்தது. தயிர் காய்ந்து ஓடாகிவிட்டது, அலசி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முடி மெத்தென்று ஆகிவிட்டதாம். எனக்கு இன்னும் நாராகத்தான் தெரிகிறது. சொல்லவில்லை.

வெட்டப் போவதில்லையாம். நுனி மட்டும்.

ஜூலை 12, சனி

கல்யாணம். நல்ல மழை. கோயிலில் என் கையைப் பிடித்து நடந்து வந்தாள். இன்று இதற்குமேல் எழுத வரவில்லை.

ஜூலை 26, சனி

வெயில். கோழி இரண்டு முட்டை. ஒரு ஆளுக்குச் சோறு வைக்க இன்னும் அளவு பிடிபடவில்லை.

மத்தியானம் மீரியிலிருந்து வீடியோ கால். ஜெனி தலை முழுக்கத் தயிர்.

"என்ன, அங்கயும் தண்ணி இல்லயா?"

"இங்க எந்நேரமும் வருதுப்பா. நாந்தான் வால்வ மூடி வச்சிருக்கேன். பேசுங்க."