ராணுவ ஓட்டத்தில் தோற்ற என் மகனைப் பற்றி

அனுப்புநர்:
சி. அக்பர் பாஷா,
கொத்தமல்லி வியாபாரி,
சூளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: படைவீரரான என் மகன் ஷோயப் மீது பரவிய அவதூறை நீக்கவும், ஓட்டப் பயிற்சிக்கு இடம் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் வடக்கு எல்லையில் படைவீரன். சண்டைக்குத் தாங்கும் உடம்புதானா என்று அங்கே அவ்வப்போது அளந்து பார்ப்பார்கள். துப்பாக்கியும் மூட்டையும் சுமந்து, குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பனியில் நிமோனியா கண்டு எழுந்தவன், பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்து மறுபடி ஓடு என்று விடுப்பில் அனுப்பியிருக்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான்.

2. பக்கத்துக் கடை முனிலட்சுமி அம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. நல்ல மனுஷி. விஷயம் கேட்டு, "பாவம், பரீட்சலோ ஓடிப்போயாடு" என்று சந்தையில் வருத்தப்பட்டிருக்கிறார். தெலுங்கில் அதற்குத் தேர்வில் தோற்றுப்போனான் என்று பொருள். தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழுந்துவிட்டது. பாய் மகன் பட்டாளத்தை விட்டு ஓடிவந்துவிட்டான் என்று சூளகிரி முழுக்கப் பேச்சு. அந்த அம்மா கடை கடையாகப் போய் விளக்கியும் பயனில்லை.

3. எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்தத் தெலுங்குச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் அந்த மொழியில்தான் வியாபாரம் பேசுகிறேன். தெரிந்தும், நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், "நெசமாவே ஓடியாந்துட்டியாடா?" என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனான். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

4. தேர்வில் தேற வேண்டுமானால் அவன் தினமும் ஓடிப் பழக வேண்டும். ஒருநாள் சிப்காட் சாலையில் ஓடினான். பைக்கில் போனவர்கள், "பார்றா, இங்கயும் ஓடறான்" என்று சிரித்திருக்கிறார்கள். அதோடு ஷூவைக் கழற்றியவன் வாசல் தாண்டவில்லை. விடுப்பு முடியப் போகிறது. இந்தத் தடவையும் தேறாவிட்டால் வேலைக்கே ஆபத்து. ஊர் சொன்ன பொய் மெய்யாகிவிடும்.

5. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். தங்கள் உத்தரவு மூடும் என்று நம்புகிறேன். ஆகவே, அவன் படைப்பிரிவிடம் விசாரித்து, உண்மையைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் எங்கள் சந்தையில் அறிவிக்கவும், மாவட்ட விளையாட்டரங்கில் அவன் ஓடிப் பழக அனுமதிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

ஊருக்குத் தாங்கள் சொல்லுங்கள் ஐயா. அவனிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை, அறைக்கு வெளியே நின்று தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவன் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

இடம்: சூளகிரி
நாள்: 18.11.2024

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
சி. அக்பர் பாஷா