செப்டம்பர் பதினைந்துக்குள்

செப்டம்பர் 4, வியாழன்

மாணவர்களுக்கு மாணவர்களே உதவும் கல்லூரி வரி மேசையில் இன்று நான். வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். மாதச் சம்பளம் கிடையாது, வரி பிடித்துக்கொண்டு கொடுக்க முதலாளியும் கிடையாது. ஒருத்தி காசுக்கு நகம் பூசிவிடுகிறாள், ஒருவன் கல்யாணங்களில் படம் எடுக்கிறான். நான் தலை பின்னிவிடுகிறேன். ஒரு மாதம் நிற்க நேரமிருக்காது, அடுத்த மாதம் ஈ ஓட்டுவேன்.

எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடினேன். வருவதில் கால் பங்கை எடுத்து வை, வருடத்துக்கு நாலு வரித் தவணை, மூன்றாவதைச் செப்டம்பர் பதினைந்துக்குள் கட்டு. நன்றாகவே பாடுகிறேன். கொஞ்சம் பயப்படவும் வைக்கிறேன், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

என் கால் பங்கு தோழிகளோடு ஹூஸ்டன் போன மூன்று நாளில் கரைந்துவிட்டது. ஏப்ரல் தவணையும் கட்டவில்லை, ஜூன் தவணையும் கட்டவில்லை. இது யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 11

டெல்வின் வந்தான். கல்லூரிப் பேண்டில் ட்ராம்போன் ஊதுகிறவன். இந்த வருடம்தான் காசுக்கு வாசிக்க ஆரம்பித்திருக்கிறான், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும். கோடையில் சம்பாதித்தது அத்தனையும் கல்லூரிக் கட்டணத்துக்குப் போய்விட்டது.

அவனுடைய ஞானத்தந்தை வில்பர்ட் இறந்துவிட்டார். அப்பா விட்டுப்போன பிறகு அவனை வளர்த்தது அவரும் அவர் மனைவி வெர்டியும்தான். சனிக்கிழமை அடக்கம், ஊர்வலத்தில் அவன் வாசிக்க வேண்டும். அதே சனிக்கிழமை வெளியூரான பிலாக்ஸியில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறான். அந்தக் காசு வந்தால்தான் தவணை கட்ட முடியுமாம்.

"ரெண்டு வாரம் தள்ளிக் கட்டினா என்ன ஆகும், கெஸியா?"

"அபராதம் போடுவாங்க. அவங்களுக்குச் சாவும் கல்யாணமும் ஒண்ணுதான், டெல்வின்."

எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால்தானே! தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து போனான். எதற்காக அப்படிப் பேசினேன்? எனக்கு இருக்கிற பயத்தையெல்லாம் அவன் தலையில் கொட்டினேன், வேறென்ன.

செப்டம்பர் 13

வில்பர்ட்டின் அடக்க ஊர்வலம் பேண்டோடு எங்கள் தெரு வழியாகப் போனது. ட்ரம்பெட் கேட்டது, டிரம் கேட்டது. ட்ராம்போன் கேட்கவில்லை. பாதி பின்னிய தலையை விட்டுவிட்டுப் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

செப்டம்பர் 15

டெல்வினிடமிருந்து செய்தி: கட்டிட்டேன், ரொம்ப நன்றி.

நான் கட்டவில்லை.

அக்டோபர் 16

உதவி மேசையை நடத்துகிற மிஸ் லாவெர்ன் எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார். வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதானாம்: போன வருடம் உனக்கு வரி வந்ததா? வரவில்லை என்றால் இந்த வருடம் தவணை கட்டாததற்கு அபராதமே கிடையாது. மொத்தமாக ஏப்ரலில் கட்டினால் போதும்.

டெல்வினுக்குப் போன வருடம் என்ன வருமானம்? நாலு வீட்டுப் புல் வெட்டிய கைச்செலவுக் காசு. வரி ஒன்றுமே இல்லை. அன்று வந்தபோதே என்னிடம் சொல்லியிருந்தான். கேட்டுவிட்டுத் தலையாட்டினேன்.

பொதுச் சந்தேகம் மாதிரி கேட்டேன்: போன வருடம் வரி கட்டிய பையனாகவே இருந்தாலும், இரண்டு வாரம் தாமதித்தால் எவ்வளவு? அவன் தவணைத் தொகையையும் சொன்னேன். மிஸ் லாவெர்ன் கணக்குப் போட்டார்.

"ரெண்டு டாலர் வரும். ஏன் கண்ணு, யாராச்சும் கேட்டாங்களா?"

இல்லை என்றேன். இல்லை என்று சொன்னேனே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அக்டோபர் 20

இன்றும் அவனைத் தூரத்தில் பார்த்ததும் நூலகத்துக்குள் நுழைந்துகொண்டேன்.

அக்டோபர் 23

சொல்லிவிட்டேன். பேண்டு கூடத்துக்கு வெளியே வைத்து. முழுவதும் கேட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"நீ கட்டிட்டியா?" என்றான்.

"இல்ல."

"அதானே." கூடத்துக் கதவைச் சாத்தினான். "வெர்டி அத்தை என் முகத்தையே பாக்கறதில்ல. காசுக்காக மாமாவ விட்டுட்டுப் போனவன்னு சொந்தக்காரங்க எல்லாரும் பேசறாங்க. நான் சொன்னா சாக்குன்னுதான் நினைப்பாங்க. நீ வந்து சொல்லு."

எப்போது என்று கேட்டேன். புனிதர்கள் திருநாளன்று எல்லோரும் கல்லறைக்கு வருவார்களாம்.

எல்லோருமா?

நவம்பர் 1, சனி

போனேன். கல்லறைத் தோட்ட வாசலிலிருந்து ஒருமுறை திரும்பியும் நடந்தேன். பிறகு மறுபடி போனேன்.

குடும்பமே அங்கே இருந்தது. கல்லறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வெர்டி அத்தை குட்டி நாற்காலியில் உட்கார்ந்து வில்பர்ட் மாமாவின் கல்லறைச் சுவருக்கு மட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். டெல்வின் வந்து கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன். விஷயம் தெரியாமலே தெரிந்தவள் மாதிரி பேசினேன் என்பதையும் சொன்னேன். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அத்தை மட்டும் மட்டையை நிறுத்தவில்லை.

"அபராதம் எவ்வளவு?"

"அவனுக்கு ஒண்ணுமே கிடையாது, அத்தை. இருந்திருந்தாலும் ரெண்டு டாலர்."

மட்டையை வாளியில் போட்டார். வாசலருகே ஒதுங்கி நின்றிருந்த டெல்வினைப் பார்த்தார், எத்தனை வாரத்துக்குப் பிறகோ.

"ரெண்டு டாலர் என் பையிலயே கிடந்துச்சேடா," என்றார்.

அவன் வந்து அவர் மடியில் தலை வைத்து அழுதான். பிறகு ட்ராம்போனை எடுத்து, அன்றைக்கு வாசித்திருக்க வேண்டியதை வாசித்தான். என்னை இரு என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். பஸ்ஸில் வரும்போது அழுகை நிற்கவில்லை.

நவம்பர் 6

மிஸ் லாவெர்னிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், என் தவணைகள் உட்பட. அவர் என்னை மேசையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

ஜனவரி 15, வியாழன்

விடுமுறை முழுக்கப் பின்னியதில் சேர்ந்ததைக் காலையில் கட்டினேன். விட்டுப்போன தவணைகளையும் சேர்த்துத்தான். அபராதம் எவ்வளவு வருகிறதோ வரட்டும்.

கடைசித் தவணை நாள் என்பதால் மாலையில் இரண்டு மேசை போட்டிருந்தார்கள். டெல்வின் வந்தான். எனக்குத் தலையசைத்தான், நானும் அசைத்தேன். என் மேசை முன்னால் யாருமே இல்லை. அவன் அடுத்த மேசை வரிசையில் மூன்றாவது ஆளாகப் போய் நின்றுகொண்டான்.