ஓடாத மெஷின்

அக்கா,

இன்று முழங்கால் வலிக்காகப் போன பிசியோதெரபி நிலையத்தில், அங்கிருந்த பெண் ஜெல்லைத் தடவியதும் உடம்பு சிலிர்த்தது. அன்று நீங்கள் என் தோளில் தடவியபோது இருந்த அதே சில்லிப்பு. விருத்தாசலத்தில் உங்களோடு வேலைபார்த்தவளாம். நீங்கள் இறந்துபோனதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது, நான் வேலைபார்த்த பட்டறைக்குப் பீங்கான் பொம்மை ஏற்ற வந்த லாரிக்காரரிடம் நான் சிரித்துப் பேசினேன் என்று என் புருஷன் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். தோளில் தசைநார் கிழிந்தது. உங்களிடம் கூட்டிவந்து, "மாடிப்படியில வுழுந்துட்டா" என்றான். படுக்கையை ஒட்டியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னைக் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான்.

மறுநாள் அவனிடம் சொன்னீர்கள்: "மெஷினு ஓடும்போது கூட ஆளு இருக்கக் கூடாதுங்க. வெளிய இருங்க." அப்படி ஒரு விதியே கிடையாது. கதவைச் சாத்திவிட்டு, வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்ட் மெஷினின் தலையைத் தோளில் வட்டமாகத் தேய்த்தபடி, "ஒங்க வூட்டுல மாடியே இல்லதானே?" என்றீர்கள். அழுதுவிட்டேன்.

வலி குறையக் குறைய எனக்குப் பயம் கூடியது. தோள் சரியாகிவிட்டால் அந்த அறையும் போய்விடும். அது உங்களுக்கும் தெரிந்திருந்தது. அவனிடம் "இன்னும் ஆறல" என்றே சொல்லிவந்தீர்கள். மெஷினை அணைத்துவிட்டு, சும்மா தோளில் வைத்தபடி என்னைப் பேசவிடுவீர்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்த அம்மாவிடம் பேச உங்கள் செல்போனைத் தருவீர்கள்.

"அம்மா வூட்டுக்குப் போயிடேன்டி."

"கையி நல்லாவட்டும்க்கா."

ஒருநாள் அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். மெஷினில் விளக்கு எரியாததைப் பார்த்தான். "ஆறலையா? நான் பாக்குறேன்" என்று அதே கையை உங்கள் முன்னாலேயே முறுக்கினான். உள்ளே ஏதோ அறுந்தது. நீங்கள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். ஆட்கள் கூடியதும், "மெஷினே ஓடல, பொய் வைத்தியம் பண்றா" என்று உங்களைக் காட்டினான். கூட்டம் அவன் பக்கம் சாய்ந்தது. யாரும் என் கையைப் பார்க்கவில்லை.

அவன் உங்கள் முதலாளியிடம் கத்திக்கொண்டிருந்தபோது, என்னைப் பின்வழியாக அழைத்துப்போய் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏற்றினீர்கள். "எறங்கி மட்டும் வந்துடாத" என்றீர்கள்.

அன்றைக்கே உங்களை வேலையைவிட்டு நிறுத்தியது எனக்கு இன்றுதான் தெரியும். அப்புறம் அந்த ஊரில் எவரும் சேர்த்துக்கொள்ளவில்லையாம். பொய் வைத்தியக்காரி என்ற பெயர் கடைசிவரை போகவில்லையாம்.

என் வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. தலை வாருவதெல்லாம் இடது கையால்தான். அப்போது அவன் ஸ்ரீமுஷ்ணத்துக்கே வந்து கூப்பிட்டான். அம்மாவே, "எத்தினி நாளு இங்க இருப்ப, போயிடுடி" என்றாள்.

நான் போகவில்லை, அக்கா.