பாதியில் நின்ற கூரை

பட்டனை அமுக்கினால் கூரை மடங்கும் கார் ஒன்றைத் தமிழ்வேந்தன் ஆசை ஆசையாகப் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான். ஒரு வாரமாக அந்தக் கூரை பாதியிலேயே நின்றது. பின் சீட்டைக் கழற்றி ஹாலில் போட்டுவிட்டு, யூடியூப் பார்த்து ரிப்பேர் செய்துபார்த்தான். யோசனை சொல்ல வந்த மனைவி அன்புக்கரசியிடம், "அம்மணி, உனக்கு இதெல்லாம் புரியாது" என்றான். அதோடு பேச்சு நின்றுபோனது.

இன்று காலை அவன் குளிக்கப் போனதும் அவள் காரிடம் போனாள். திரும்பி வந்து ஃப்ரிட்ஜில் ஒரு தாளை ஒட்டி எழுதினாள்.

"ஏனுங்க, கூரை சரியாயிருச்சு. டிக்கில இருக்கற தடுப்பைக் கீழ இறக்குனாத்தான் மோட்டார் ஓடும்னு கார் வித்தவரு அன்னைக்கே சொன்னாருங்க. நீங்க செல்ஃபி எடுத்துட்டிருந்தீங்க. உங்க தேங்கா மூட்டை அந்தத் தடுப்பை மேல தள்ளிட்டிருந்துச்சு. மூட்டைய வெளிய இழுத்துப்போட்டேன், அவ்வளவுதானுங்க. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. நீங்க வரச் சொன்ன கணபதி மெக்கானிக்கை இனி வர வேண்டாம்னு சொல்லீருங்க."

அடியில் நெருக்கி எழுதினாள்: "கூரையத் தெறந்துபோட்டு வால்பாறைக்குப் போறேன். பின் சீட்டு ஹால்லயே இருக்கட்டும். அதுல உக்காந்து சாப்புடுங்க."

சாவியை எடுத்தவள் நின்றாள். ஓரத்தில் இருந்த துளி இடத்திலும் எழுதினாள்:

"தெருமுக்கு பேக்கரில டீ குடிச்சிட்டிருப்பேன். சீக்கிரம் வந்தா முன் சீட்டு உங்களுக்குத்தான். ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க, எனக்கும் சேத்து."